பேரும் செலவும்

மலையகத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு ஏட்டுத் தமிழில் இல்லாத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய கணக்கு என்பதே அது. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவளுக்கு முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். கொழுந்து அற்றுப்போன வறட்சி நாட்களில் பேரே விழாது. “அம்மாவுக்கு இந்த மாசம் பதினெட்டுப் பேருதான்” என்று ஒரு சிறுவன் சொல்லக் கேட்டால், வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஆசிரியர் ஒரு கணம் மயங்குவார். நோட்டன் பிரிட்ஜில் நெடுங்காலம் தமிழ் கற்பித்துவரும் எனக்கு அம்மயக்கம் என்றோ தெளிந்துவிட்டது. ஆயினும் அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் உள்ளே ஒரு வியப்பு எழாமற் போவதில்லை. ஒருவரை இன்னார் என்று காட்டுவதும் பேர். அவர் உழைப்புக்கு இன்ன விலை என்று காட்டுவதும் பேர். ‘நான் யார்?’ என்னும் வினாவையும் ‘எனக்கு என்ன கிடைக்கும்?’ என்னும் வினாவையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்திருக்கிறார்கள் இம்மக்கள்.

இம்முடிச்சு நேற்று விழுந்ததன்று. கங்காணி முறை வழங்கிய காலத்தில் ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இக்கங்காணியையும் அவன் கீழுள்ள ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. அதுவரையில் ஒருவன் தோட்டம் மாறும்போது அவனுக்கு முன்னே நடந்து சென்றது அவன் பெயரன்று. அவன்மீது நின்ற கடனே. பின்னர் 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி குறைந்தபட்ச நாட்கூலி வகுக்கப்பட்டபோது, மேல்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று விதித்தார்கள். ஆண், பெண், பிள்ளை என்பன உயிரின் வகைகள் என்று நாம் இலக்கணத்திற் படித்திருக்கிறோம். அங்கே அவை கூலியின் வகைகளாயின. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1984 ஆம் ஆண்டிலேதான் கைகூடிற்று.

பழங்கதை பேசுவதற்காக இவற்றை எடுத்தேனில்லை. பொருளியற் கல்வியை இளைஞரின் சொந்தத் தெரிவுகளோடும், தம்மை இன்னார் என்று அவர்கள் உணரும் உணர்வோடும் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று இக்காலக் கல்வியாளர் பலர் பேசுகின்றனர். நல்ல கொள்கை. ஏனைய ஊர்களில் அவ்விணைப்பை ஆசிரியர் முயன்று உண்டாக்க வேண்டியிருக்கலாம். எங்கள் பிள்ளைகளிடத்து அது வீட்டிலிருந்தே வருகின்றது. அதனை வகுப்பறை வாயிலிற் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்வதுதான் நாம் இதுகாறும் செய்துவரும் வேலை.

தமிழ்ப் பண்டிதனுக்குப் பொருளியலில் என்ன அலுவல் என்று அன்பர்கள் கேட்கலாம். பொருளியல் ஆசிரியர் மாற்றலாகிச் சென்ற ஒரு தவணையில், உயர்தர வகுப்பின் சில பாடவேளைகள் என் பொறுப்பில் வந்தன. பாடநூலைக் கையில் எடுத்தேன். வளையிகளும் அட்டவணைகளும் என்னை அச்சுறுத்தின என்பது மெய். கலைச்சொற்களோ என்னை வரவேற்றன. தமிழ்நாட்டில் பொருளாதாரம் என்று வழங்குவதை நாம் பொருளியல் என்கிறோம். தேவைக்குப் போதிய வளம் இல்லாமையைக் ‘கிடைப்பருமை’ என்கிறோம். ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போது கைவிட நேரும் அடுத்த நல்வாய்ப்பின் மதிப்பை ‘அமையச் செலவு’ என்கிறோம். இச்சொற்களை ஆக்கியோர் யாவரோ, அவர்கள் தமிழறிந்தோர். அருமை என்றால் கிடைத்தற்கு அரியது என்றும் பொருள். மதித்தற்கு உரியது என்றும் பொருள். அமையம் என்றால் தக்க சமயம். செலவு என்னும் சொல்லைப் பற்றியோ ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம், பேசினேன்.

செலவு என்பது முதற்கண் பணத்தைக் குறித்த சொல்லன்று. செல்லுதல் என்பதே அதன் பொருள். அகத்திணை இலக்கணத்தில் ‘செலவழுங்குதல்’ என்றொரு துறை உண்டு. பொருள் தேடிப் பிரியக் கருதிய தலைவன், தலைவியின் கலக்கங் கண்டு, தன் பயணத்தைத் தவிர்த்து நிற்பது அது. அத்தவிர்ச்சி போகாமலே விட்டுவிடுவதன்று; அவளைத் தேற்றுவதற்காகச் சற்றுத் தாழ்ப்பதே என்று தொல்காப்பியர் நுட்பமாக வரையறை செய்கிறார். பாலைப் பாட்டுக்கள் பலவற்றில் தலைவன் தன் நெஞ்சோடு வழக்காடுகின்றான். போ என்கிறது நெஞ்சு. போனால் எதை இழப்பேன் என்று கணக்கிடுகிறான் அவன். அமையச் செலவு என்னும் கருத்தை மேனாட்டார் சென்ற நூற்றாண்டுகளில் நூல்வகுத்துச் சொன்னார்கள். அந்நூல் நம்மிடம் இருந்ததென்று பெருமை பேச நான் வரவில்லை. அப்படிப் பேசுவோரிடம் எனக்கு உடன்பாடும் இல்லை. பாலைத் தலைவன் செய்தது கணக்கு என்பது மட்டும் மெய். எங்கள் மாணவர்களுக்கு இது நொடியில் விளங்கிற்று. பொருள்வயிற் பிரிவு அவர்களுக்குப் பாடநூலில் உள்ள பழஞ்செய்தியன்று. வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற தாயும், கொழும்பிலே கடையில் நிற்கும் தமையனும் இல்லாத லயம் எது?

அடுத்த நாள் ஒரு சிறு பயிற்சி கொடுத்தேன். நீங்கள் இவ்வகுப்பில் அமர்ந்திருப்பதன் அமையச் செலவு யாது? ஒரு வாக்கியத்தில் எழுதுக. ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு என்று எழுதினான் ஒருவன். விடுமுறை நாளிற் பறிக்கும் கொழுந்துக்குக் கையோடு கிடைக்கும் பணம் அது. ஹட்டனுக்குப் போய் வரும் பஸ் கட்டணமும் ரியூஷன் காசும் என்று எழுதினாள் ஒருத்தி. இவை இரண்டும் பாடநூலுக்குப் பொருந்திய விடைகளல்ல. இரண்டாவது வெறுஞ் செலவு, அமையச் செலவன்று என்று திருத்திக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து வந்த கொப்பியில் ஒரு வரி இருந்தது: “என் படிப்பின் அமையச் செலவு என் அக்கா.”

அக்காள் சாதாரண தரப் பரீட்சை எழுதியபின் கொழும்பிலே ஒரு வீட்டு வேலைக்குச் சென்றவள். அவள் அனுப்பும் பணத்தில் தங்கை படிக்கிறாள். இரண்டு பேரும் படிக்க வீட்டில் வழியில்லை. ஒருத்தியே படிக்கலாம் என்ற நிலை. யார் தெரிவு செய்தார்கள்? தாயா, தந்தையா, அக்காளா? “யாரும் பேசல்லைங்க ஐயா. அப்படியே நடந்திருச்சு” என்றாள் அப்பிள்ளை.

இவ்விடத்திலே பொருளியற் பாடநூலுக்கும் மலையகத்துப் பிள்ளைக்கும் உள்ள இடைவெளி புலப்படுகின்றது. பாடநூலில் தெரிவு செய்கிறவன் தனியன். அவன் கையில் ஒரு வருமானம், எதிரே எக்ஸ், வை என இரண்டு பண்டங்கள், இதைக் கொண்டால் அதை இழப்பான், இழப்பும் அவனதே. எட்டடி காம்பராவில் ஆறு பேர் வாழும் வீட்டில் அப்படியன்று. ஒருவர் கொள்ள, மற்றொருவர் இழக்கிறார். கொண்டவருக்கு அவ்விழப்பு வாழ்நாள் முழுவதும் நிழலாகத் தொடர்கிறது. ‘நான்’ என்று அவள் எழுதும்போது அதற்குள் அக்காளும் இருக்கிறாள். இதனைக் கல்வியிலிருந்து விலக்கிவைத்து எதைப் பொருளியல் என்று கற்பிப்பது?

ஆயினும் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அமையச் செலவு என்னும் கூரிய கருவியை ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டு அவள் தன்னையே குத்திக்கொள்ளப் பார்த்திருக்கலாகாது. “அக்காள் போனதற்கு நீ காரணமில்லை, மகள். அம்மாவுக்கு விழுந்த பதினெட்டுப் பேர் காரணம்” என்று அவளிடம் சொன்னேன். அது ஆறுதற் சொல்லாக மட்டும் நின்றுவிடாமல் இருக்க, மறுநாள் வகுப்பில் எல்லோரும் தத்தம் வீட்டிலுள்ள சம்பளச் சீட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்நாளைப் போல உயிரோட்டமான பாடவேளையை நான் அதிகம் கண்டதில்லை. 2024 செப்டெம்பரில் தேயிலைத் தொழிலாளிக்குச் சம்பள நிர்ணய சபை வழியாக விதிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா. தொகை பின்னர் மாறினும் கணக்கின் வழி மாறாதாகலின் அதனையே வைத்துக் கணக்கிட்டோம். இருபத்தைந்து பேர் விழுந்தால் 33,750. பதினெட்டே விழுந்தால் 24,300. ஏழு பேரின் வேறுபாடு 9,450 ரூபா. ஒரு பிள்ளை ஹட்டனுக்குப் போய்ப் படிப்பதும் படியாமையும் அவ்வேழு பேருக்குள் அடங்கிப்போவதைக் கரும்பலகையிலே கண்டார்கள். பின்பு கழிவுகள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி பங்கு 8 வீதம். பதினெட்டுப் பேருக்கு 1,944 ரூபா. சங்கச் சந்தா, கோயிற் பணம், தீபாவளி முற்பணத்தின் தவணை என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக் கடைசியில் நின்ற தொகையைப் பார்த்து வகுப்பு அமைதியாயிற்று. ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, தோட்டம் கட்டுற பன்னிரண்டு வீதம் இதில எங்க கழிச்சிருக்கு?” என்று கேட்டான். அது தாயின் சம்பளத்திற் கழிப்பதன்று; தொழில்கொள்வோர் மேலதிகமாகக் கட்டவேண்டியது; 2,916 ரூபா; அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதுவும் அவர்கள் பொறுப்பே என்று விளக்கினேன். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த உரிமை அது. “அப்ப அது அம்மாவோட காசா?” என்றான். அம்மாவுடைய காசுதான். அன்று மாலை எத்தனை லயங்களில் எத்தனை தாய்மார் தம் சேமலாப நிதிக் கணக்கு இலக்கத்தைத் தேடினார்கள் என்று எனக்குத் தெரியாது. சிலர் தேடியதை அறிவேன்.

இங்கே ஒரு வார்த்தை இடைப்பிறவரலாகச் சொல்லவேண்டும். பாடசாலைகளுக்கு வந்து சிக்கனத்தைப் பற்றிப் பேசிச் செல்வோர் உளர். நாளொன்றுக்குப் பத்து ரூபா உண்டியலில் இடு, ஊதாரியாகாதே, கைப்பேசி வாங்காதே என்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் பேசுகின்றார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. உணவுப் பண்டங்களின் விலையேற்றம் 90 வீதத்தையும் தாண்டிற்று. கோதுமை மாவின் விலை பல மடங்காகி, ரொட்டி மெலிந்ததை எங்கள் பிள்ளைகள் விரலால் அளந்து அறிந்தவர்கள். அவர்களுக்குக் கிடைப்பருமை இன்னதென்று உண்டியல் வைத்துக் கற்பிக்கத் தேவையில்லை. வறுமையை ஒழுக்கக்கேடாகக் காட்டும் பொருளியலை விடப் பொருளியலே இல்லாதிருத்தல் நன்று என்பது என் துணிபு.

கைப்பேசியையும் தீபாவளிச் சட்டையையும் பற்றி ஆதாம் சிமித்து என்னும் ஸ்கொத்லாந்து ஆசிரியரிடம் கேட்டால் அவர் சிக்கன உபதேசிகளோடு சேரமாட்டார். 1776 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் அவர் ஒரு சணற்சட்டையைப் பற்றிப் பேசுகின்றார். உயிர்வாழச் சணற்சட்டை வேண்டியதில்லை. பழைய கிரேக்கரும் உரோமரும் அஃதின்றியே இனிது வாழ்ந்தனர். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில் நாட்கூலிக்காரனும் அஃதில்லாமல் நாலுபேர் முன் வர நாணுவான். ஆதலால் அது அவனுக்கு இன்றியமையாப் பொருள் என்பது அவர் வாதம். தோட்டத்துப் பையன் தீபாவளிக்குப் புதுச்சட்டை கேட்பதை இவ்வெளிச்சத்திற் பார்க்கவேண்டும். அதன் பொருட்டுத் தகப்பன் எடுக்கும் முற்பணம் எத்தனை மாதம் சம்பளத்திற் கழியும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறான். நானும் மற்றவரைப்போல் ஒருவன் என்று காட்டுவதற்கு அவனிடம் வேறென்ன இருக்கிறது? வகுப்பிலே இதனை வெளிப்படையாகப் பேசினோம். சட்டை வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டவில்லை. முற்பணத்தின் தவணையையும் சட்டையின் விலையையும் ஒரே தாளில் எழுதினார்கள். இரண்டு பேர், சட்டையின் விலையைக் குறைத்துக்கொள்ளத் தாமே துணிந்தார்கள், ஒருத்தி துணியாள். அவளுக்கு அது சாமத்தியத்தின் பின் வரும் முதற் தீபாவளி. அவளுடைய கணக்கும் கணக்கே.

தெரிவுகளில் அடையாளத்தின் பங்கை இக்காலப் பொருளியலாரும் ஏற்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஜோர்ஜ் அகர்லொவ், ரேச்சல் கிரான்டன் என்னும் இருவர் 2000 ஆம் ஆண்டில் ‘பொருளியலும் அடையாளமும்’ என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். ஒருவன் ஒரு செயலைத் தெரிவது அதன் விலையையும் பயனையும் நிறுத்துப் பார்த்து மட்டுமன்று. என்னைப் போன்றவர் இதைச் செய்வாரா என்னும் வினாவும் அத்தராசில் ஏறுகிறது என்பது அவர்களின் கருத்து. பின்னர்ப் பாடசாலைகளைப் பற்றியும் அவ்வழியில் ஆராய்ந்தார்கள். எங்களூரில் இதனை நாடோறும் காணலாம். “நம்மளப் போலவங்க வர்த்தகப் பிரிவு எடுப்பாங்களா?” என்று தயங்கிக் கலைப்பிரிவுக்கு வந்தோர் பலர். கணக்கீட்டில் நல்ல புள்ளி பெற்ற மாணவியே அப்படித் தயங்கக் கண்டிருக்கிறேன்; கணக்கப்பிள்ளை என்னும் பதவியை ஒரு பெண்ணின் வடிவில் அவள் கண்டதேயில்லை. தமிழைக் கற்பிப்பவன் என்ற முறையில் கலைப்பிரிவுக்கு மாணவர் வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. தயக்கத்தின் பேரால் வருவதில் மகிழ்ச்சியில்லை.

இத்தயக்கம் பிள்ளைகளின் குறையுமன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தது. 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பயன், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய 1970களின் பின்னரே இங்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. தெரிவு என்பதே இல்லாத தலைமுறைகளின் பேரப்பிள்ளைகளிடம், எல்லாம் உன் தெரிவே என்று சொல்லுதல் பொய். ஒன்றும் உன் கையில் இல்லை என்று சொல்லுதலும் பொய்யே. இவ்விரண்டுக்கும் நடுவே எது அவர்கள் கையில் இருக்கிறது என்று அளந்து காட்டவல்ல பாடம் பொருளியல் என்பதனாற்றான் அதனை நான் மதிக்கிறேன்.

அவ்வாறு அளந்து காட்டிய ஒருவர் இம்மண்ணில் நடமாடியிருக்கிறார். கோ. நடேசய்யரைத் தொழிற்சங்கத் தலைவராகவும் பத்திரிகையாளராகவும் எல்லோரும் அறிவர். அவர் தஞ்சாவூரில் வணிகக் கல்வி ஆசிரியராக இருந்தவர் என்பதையும், ‘வர்த்தகமித்திரன்’ என்னும் இதழை நடத்தியவர் என்பதையும் பலர் நினைப்பதில்லை. அவ்விதழின் பொருட்டு இலங்கைக்கு வந்தவர், வெளியார் நுழையக்கூடாத தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரி வேடத்திற் சென்று தொழிலாளர் நிலையை நேரிற் கண்டார். கங்காணி பெறும் தலைக்காசையும், தொழிலாளியின் கடன் ஏறும் விதத்தையும் வணிக ஆசிரியரின் கண்ணால் நோக்கினார். 1931 இல் ஹட்டனில் தொழிலாளர் சங்கம் கண்டார். 1936 இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டுக்களால் அதே செய்தியை லயங்களுக்குக் கொண்டுசென்றார். ஐந்தொகை எழுதக் கற்பித்த ஒருவர், தன் கணக்கைத் தானே கேள் என்று தொழிலாளிக்குக் கற்பித்ததைத் தொழில் மாற்றம் என்று நான் கருதவில்லை. அதே பாடத்தைத்தான் அவர் தொடர்ந்து நடத்தினார்.

நோட்டன் பிரிட்ஜில் இருந்துகொண்டு பொருளியல் பேசுபவன் டி. ஜே. விமலசுரேந்திரவைச் சொல்லாமல் விடலாகாது. இலங்கையின் நீர்மின்வலுவை எவ்வாறு பயன்படுத்தலாம் என்று 1918 ஆம் ஆண்டிலே பொறியியலாளர் சங்கத்தில் அவர் படித்த உரையின் தலைப்பிலேயே பொருளியல் என்னும் சொல் உண்டு. வீணே விழும் அருவிகளை அவர் இழப்பாகக் கண்டார். கருத்து ஏற்கப்படாமலும், தொடங்கிய வேலை இடையில் நின்றும் காலம் கழிந்து, 1950 இலேதான் பழைய லக்ஷபான நிலையத்தில் விளக்கெரிந்தது. அதற்கு நீர் கொடுப்பது எங்கள் ஊர் அணைக்கட்டு. 1965 இல் காசல்ரீ நீரைக்கொண்டு இயங்கத் தொடங்கிய நிலையத்துக்கு அவர் பெயரே இட்டார்கள். கெசல்கமு ஓயாவின் நீர் விமலசுரேந்திர நிலையத்தில் ஒரு முறை உருளையைச் சுழற்றி, நோட்டன் தேக்கத்திற் தங்கிப் பழைய லக்ஷபானவில் இரண்டாம் முறை சுழற்றிப் பின் பொல்பிட்டியவில் மூன்றாம் முறையும் சுழற்றுகின்றது. வகுப்பைக் கரையோரம் அழைத்துச் சென்று இதைக் காட்டினேன். “ஒரே தண்ணிய மூணு தரம் செலவழிக்கிறாங்க” என்றாள் ஒரு மாணவி. அக்கா என்று எழுதிய அதே பிள்ளை. “பதினாறு வயச அப்படிச் செலவழிக்க முடியாதுங்களே, ஐயா” என்று சேர்த்துச் சொன்னாள். இன்னொருவன் வேறு வினாக் கேட்டான். நாடு முழுவதற்கும் இங்கிருந்து மின்சாரம் போனபோது தன் பாட்டியின் லயத்தில் ஏன் குப்பி விளக்கு எரிந்தது? பொருளியலில் அதற்கு விடை உண்டு; ஆனால் அரசியலையும் வரலாற்றையும் அருகில் இருத்தாமல் அதனைச் சொல்ல முடியாது. மூன்றையும் சேர்த்தே சொன்னேன். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது.

பதினாறு வயதைப் பற்றி அப்பிள்ளை சொன்னது சட்டத்துக்கும் பொருந்தும். 2016 முதல் இந்நாட்டில் கட்டாயக் கல்வி பதினாறு வயதுவரை. 2021 முதல் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் பதினாறு. பாடசாலையின் பிடி விடுவதும் கடையின் கதவு திறப்பதும் ஒரே நாளில். அந்நாளில் எங்கள் பிள்ளை என்ன பொருளியல் கற்றிருக்கிறான்? பொருளியல் அப்பெயரோடு தொடங்குவது உயர்தரத்திலே. பத்தாம், பதினோராந் தரங்களில் ‘வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும்’ விரும்பினோர்க்கு உண்டு. விரும்பாதோர்க்கு அதுவும் இல்லை. தெரிவு செய்ய வேண்டிய நாள் கழிந்த பின்னரே தெரிவைப் பற்றிய பாடம் வருகின்றது. அதுவும் தங்கிப் படித்தோர்க்கு மட்டும். சென்றவர்க்கே அது முதலில் வேண்டியிருந்தது. ஒன்பதாந் தரத்திலிருந்தே, புதிய பாடம் எதுவும் வேண்டாமல், தமிழ்ப் பாடவேளையிலும் கணித பாடவேளையிலும் சம்பளச் சீட்டும், அடகுச் சீட்டும், தவணைக் கடன் பத்திரமும் வாசிக்கக் கற்பிக்கலாம். இதற்கு அமைச்சின் சுற்றறிக்கை வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து நூல் வர வேண்டியதுமில்லை. எங்கள் ஒன்பதாந் தரத்தில் கிழமைக்கு ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கி நடத்திவருகிறேன்.

சாதாரண தரப் பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடைப்பட்ட மாதங்களே எங்களூரில் மிகப் பெரிய கணக்கு. பரீட்சை முடிந்த கிழமையே புறக்கோட்டையிலிருந்து கடைக்காரரின் ஆள் வந்துவிடுவார். சும்மா இருக்கிற பையன்தானே, பெறுபேறு வரும்வரைக்கும் என்பார். பையனும் போவான். முதல் மாதச் சம்பளம், தங்கைக்கொரு சட்டை, தவணைக்கு ஒரு கைப்பேசி. பெறுபேறு வரும்போது கைப்பேசிக்கு இன்னும் எட்டுத் தவணை நிற்கும். சித்தியடைந்தும் திரும்பாதவர்களை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இம்முறை சென்ற ஒருவன் ஒன்பதாந் தரத்திலிருந்து அப்பாடவேளையில் இருந்தவன். போகும் முன்பு என்னிடம் வந்தான். போகாதே என்று நான் சொல்லவில்லை. வீட்டு நிலை எனக்குத் தெரியும். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று கொடுத்தேன். இடப்பக்கத்தில் வந்ததையும் வலப்பக்கத்தில் போனதையும் எழுதி வா என்றேன். பெறுபேறு வந்திருக்கிறது, கணிதத்துக்கும் வணிகத்துக்கும் நல்ல சித்தி. சென்ற ஞாயிறு ஊருக்கு வந்தவன் கொப்பியைக் காட்டினான். இடப்பக்கம் ஒழுங்காக இருந்தது: சம்பளம், கிழமைக் கைச்செலவு, முதலாளி கொடுத்த தீபாவளிப் பணம். வலப்பக்கத்தில் சாப்பாடு, அறை வாடகை, பஸ் என்பவற்றின் கீழே, தொகை போடாமல், உயர்தரம் என்று எழுதி, அதன் எதிரே ஒரு கேள்விக்குறி இட்டிருந்தான். கைப்பேசி வாங்கவில்லை. “இதுக்கு எவ்வளவுன்னு போடுறது, ஐயா?” என்றான். இரண்டு ஆண்டு படித்தபின் கிடைக்கக்கூடிய வேலைகளையும் அவற்றின் சம்பளத்தையும், கிடையாமற் போகக்கூடிய நிலையையும், அவ்விரண்டு ஆண்டும் வீட்டில் யார் சுமக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்ந்து எழுதத் தொடங்கினோம். தாயும் வந்து வாசலில் நின்றார். அவரையும் உள்ளே அழைத்து இருத்தினேன். இம்மாதம் எத்தனை பேர் விழும் என்று அவர்தானே சொல்லவேண்டும். உயர்தர வகுப்புக்கு விண்ணப்பிக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. கொப்பியில் நான்கு பக்கம் மிச்சமிருக்கிறது.